லாரன்ஸ் சாரின் ஸ்ப்ரே

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. கபடி தெரியும், கரும்பு தெரியும், எப்போது மழை வரும், எந்த அமைச்சருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் தெரியும். பெயர் லாரன்ஸ். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும்போதுகூட அதைக் கழற்ற நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். சாயங்காலத்திலும் லீவு நாட்களிலும் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பெண்கள் டீமுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'லாரன்ஸ் பிரதர்ஸ்'. ஆள் எப்படிப்பட்டவர் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

நான் ஜூலியா. டி.பார்ம் படித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குகிறவர்கள் முதலில் டீக்கடைக்குப் போவார்கள், அடுத்தது என் கடைக்கு வருவார்கள். மருந்துக்காக என்று நினைத்துவிடக் கூடாது. என் கைக்காக வருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்துவிட்டால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் இறங்கிவிடுமாம். எனக்கு மார்ட்டினும் டயானாவும் ஒரே பிரசவத்தில் பிறந்தார்கள். அன்றிலிருந்து நான் படித்த படிப்பெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. காலை நொண்டிக்கொண்டு வருகிற ஆளிடம், "வீக்கத்துக்கு ஜெல் இருக்குது, மெல்லமா தடவுங்க, காலை ஒசத்தி வெச்சுக்கினு படுங்க" என்று சொன்னால், அவர் ஜெல்லை வாங்கிக்கொண்டு காலை மேசைமேல் தூக்கிவைப்பார். "நீங்களே வழிச்சு வுட்டுடுங்கம்மா, உங்களுக்கு ரெட்டப்புள்ளயாமே" என்பார். நான் பெற்ற பிள்ளைகளுக்கும் இவருடைய கணுக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் வராது, சிரிப்பு வரும்.

டைக்ளோபினாக் ஜெல் நல்ல மருந்து. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சுளுக்குக்குத் தடவினால் வலி குறையும், வீக்கமும் கொஞ்சம் வடியும், மாத்திரை மாதிரி வயிற்றைப் படுத்தாது. பூசினால் போதும். நம் ஜனங்கள் பூசினால் திருப்திப்பட மாட்டார்கள். சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசைவார்கள். அதற்குமேல் புளியும் உப்பும் கொதிக்கவைத்துச் சுடச்சுடப் பற்றுப் போடுவார்கள். தோல் கொப்பளித்ததும் நேரே என் கடைக்கு வந்து, உன் ஜெல் சரியில்லை என்பார்கள். உடைந்த எலும்பின்மேல் இதே ஜெல்லைத் தடவினாலும் கொஞ்சம் வலி குறையத்தான் செய்யும். எலும்பு ஒட்டாது. இந்த ஒரு வித்தியாசத்தை இந்த ஊருக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

என் கையைப் பற்றி ஊரெல்லாம் பரப்பியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் என் வீட்டுக்காரர்தான். மேட்ச் நடக்கிற இடங்களில் மைக்கைப் பிடித்து, "யாருக்காச்சும் சுளுக்குன்னா நம்ம கடைக்கு வாங்க, என் சம்சாரம் ரெட்டப்புள்ளக்காரி, கைய வெச்சா தெரிஞ்சுடும்" என்று அறிவிப்பார். படித்தவர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், "நம்பிக்க இருந்துட்டுப் போவட்டும் ஜூலி, உனக்கும் பேரு தான" என்பார். எனக்கு அந்தப் பேரைவிட ஒரு நாள் முழுக்க ஒருவனுடைய குதிகாலையும் தொடாமல் இருக்கிற பாக்கியம் கிடைத்தால் போதும்.

இவருடைய டீமில் வளர்மதி என்றொரு பெண். வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பாடிப் போனால் எதிர் டீமில் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். அவள் அப்பா கண்ணுசாமிக்குச் சாமை விதைக்கக் கொஞ்சம் மேட்டு நிலம், மற்ற நாளில் கூலி. ஊரில் பாதிப் பேர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போகிறார்கள். இவளையும் அனுப்பிவிடலாம் என்றிருந்தவரை லாரன்ஸ்தான் தடுத்தார். அந்த நல்ல காரியத்தை நான் மறுக்கவில்லை. கடலூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. அதில் ஜெயித்தால் விடுதியில் தங்கிக் காலேஜ் படிக்கலாம், சாப்பாடும் அவர்களுடையது. வளர்மதிக்கு இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் மிளகுத் தோட்டம்தான்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வடக்கனந்தலில் ஒரு திருவிழா ஆட்டம் இருந்தது. மூளை உள்ளவன் தேர்வுக்குப் போகிற பிள்ளையை வீட்டில் உட்காரவைப்பான். லாரன்ஸ் இறக்கினார். ஏனென்றால் அந்த மேடையில் இவருக்குப் பொன்னாடை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பாடிப் போன வளர்மதியின் கணுக்காலை எதிர் டீம் பெண் பிடித்துத் திருகிவிட்டாள். இவர் ஓடிப்போய் வலி மரத்துப்போகிற ஸ்ப்ரே அடித்தார், விசில் ஊதினார், மறுபடி அவளை உள்ளே அனுப்பினார். டீம் ஜெயித்தது. பொன்னாடையும் கிடைத்தது. அது இப்போது எங்கள் வீட்டு டிவிமேல் கிடக்கிறது.

மறுநாள் சாயங்காலம் ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நடுவில் வளர்மதி.

"ஜூலி, சின்ன சுளுக்கு. நல்லா வழிச்சு ஜெல்லு போட்டு வுட்டுரு. ஞாயித்துக்கெழம புள்ள ஆடணும்" என்றார் லாரன்ஸ், இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற மாதிரி.

கண்ணுசாமி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "யம்மா, உங்க கைய நம்பித்தான் மலைய விட்டு எறங்கி வந்துருக்கேன்."

அவளை உட்காரவைத்துக் காலைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பு இருக்கிற இடமே தெரியாமல் வீங்கி, ஓரமெல்லாம் கருநீலமாக இருந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன். ஒரு அடிகூட ஊன்ற முடியவில்லை. வெளிப்பக்க எலும்பின் பின்விளிம்பை விரலால் லேசாக அழுத்தினேன். அவள் சத்தம் போடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்த கை மட்டும் வெளுத்துப்போனது.

"எப்போலேர்ந்து வலி?"

"நேத்துலேர்ந்து தான்" என்றார் லாரன்ஸ்.

"உங்கள கேக்கல."

வளர்மதி சாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "ரொம்ப நாளா இருக்குதுக்கா. ஸ்ப்ரே அடிச்சா கம்மியாயிடும். ஆட்டத்துக்கு முன்னாடி அடிப்பாரு, நடுவுல வலிச்சா மறுபடி அடிப்பாரு. வூட்டுக்குப் போனா ஜெல்லு போட்டுக்குவேன், சார் குடுத்துவுட்டது."

எல்லாம் என் கடை அலமாரியிலிருந்து போனவை. டீமுக்கு என்று பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவார். அத்தனை பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே காலில் காலி செய்திருக்கிறார். வலி என்பது உடம்பு கத்துகிற கத்தல். இந்த மனுஷன் அதன் வாயைப் பொத்திப் பொத்திக் கோப்பை வாங்கியிருக்கிறார்.

"எலும்பு போயிருக்கும்போல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி எக்ஸ்ரே எடுங்க" என்றேன்.

கண்ணுசாமியின் முகம் விழுந்துவிட்டது. "எக்ஸ்ரே எடுத்தா கட்டு போட்டுருவாங்கம்மா. அப்புறம் ஞாயித்துக்கெழம எப்படி ஆடுவா? நீங்க வழிச்சு வுடுங்க, சரியாப் போயிடும்."

லாரன்ஸ் அவர் தோளில் கை வைத்தார். "நீங்க கவலப்படாதீங்க. இவ மருந்து விக்கிறவ, படிச்ச படிப்புக்கு எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. கை தான் ராசி. பெரிய பெரிய பிளேயருங்கல்லாம் ஸ்ப்ரே அடிச்சுக்கினு தான ஆடுறாங்க, டிவியில பாக்கறது இல்லியா?"

பெரிய பிளேயருக்குப் பக்கத்தில் காலைச் சோதித்துப் பார்க்க ஒரு டாக்டர் நிற்பார், இங்கே நிற்பது நீ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லிப் பயனில்லை. என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அந்த மூன்று பேரில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, கைதானே வேண்டும், கையே பேசட்டும் என்று முடிவு செய்தேன். உள்ளங்கையை அவள் கணுக்கால்மேல் வைத்துக் கண்ணை மூடினேன். உதட்டை அசைத்தேன். மந்திரம் என்றோ செபம் என்றோ அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் மனதுக்குள் என் வீட்டுக்காரரை வம்சத்தோடு திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி முடித்ததும் சூடு பட்டவள் மாதிரி கையை வெடுக்கென்று எடுத்தேன்.

"அண்ணா, இது சுளுக்கு இல்ல. சுளுக்கா இருந்தா என் கைக்கு எறங்கியிருக்கும். உள்ள எலும்பு போயிருக்குது. இந்தக் காலு இனிமே தரையில படக் கூடாது. இதுக்கு மேல வழிச்சா உங்க பொண்ணுக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது."

கண்ணுசாமி அந்த நிமிஷமே எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். லாரன்ஸ் வாயைத் திறந்தார், மூடினார். ஊர் ஊராக மைக்கில் புகழ்ந்த கை. அது பொய் சொல்லும் என்று எந்த வாயால் சொல்வார்? அந்த நாடகம் எனக்கே அருவருப்பாகத்தான் இருந்தது. படிப்பைச் சொன்னபோது கேட்காதவர்கள் பம்மாத்துக்குக் கட்டுப்பட்டார்கள். இந்த ஜனங்களை என்னவென்று சொல்வது.

எக்ஸ்ரேயில் வெளிப்பக்க எலும்பு உடைந்திருந்தது. ஏற்கெனவே சின்ன விரிசல் இருந்திருக்கிறது, அதோடு ஆடி ஆடிப் பெரிதாக்கியிருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். மாவுக்கட்டுப் போட்டு, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தபோது வளர்மதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

லாரன்ஸ் கூனிக் குறுகிப்போவார் என்று நினைத்தால் என்னைப் போல முட்டாள் கிடையாது. மறுநாள் காலையில் டீக்கடையில் நின்று, "கைய வெச்சதுமே சொல்லிட்டா சார், எக்ஸ்ரே எல்லாம் அப்புறம் தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் தியாகதுருகத்திலிருந்து ஒரு முழங்காலும் ஒரு தோள்பட்டையும் என் கடைக்கு வந்து சேர்ந்தன.

வளர்மதியின் இடத்தில் கலையரசியை நிறுத்திவிட்டார். அதே டீமில் ஆடுகிற கருணாபுரத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறாள். தேர்வுக்குப் போகும் வேனில் கட்ட ஏற்கெனவே ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தார். அதில் இவர் படம் ஆள் உயரத்துக்கு இருக்கும், கீழே ஓரமாக வளர்மதி பாடிப் போகிற மாதிரி ஒரு சின்னப் படம். இப்போது அதே உடம்பில் கலையரசியின் தலையை ஒட்டிப் புது ஃப்ளெக்ஸ் வாங்கி வந்தார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். "எப்படி இருக்குது?" என்று வேறு என்னிடம் கேட்டார்.

"இன்னாங்க, மலைக்குப் போயி அந்தப் பொண்ண ஒரு எட்டு பாத்துட்டு வரக் கூடாதா?" என்றேன்.

"செலக்‌ஷன் முடியட்டும் ஜூலி. இப்பப் போனா மனசு ஒடைஞ்சுடும்."

"யாருக்கு? அவளுக்கா?"

"எனக்குத்தான்" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார். நெஞ்சில் கையை வேறு வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு, கக்கத்தில் வைத்து ஊன்றுகிற கட்டை ஒரு ஜோடியும் கொஞ்சம் மாத்திரையும் எடுத்துக்கொண்டு நானே மலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது எனக்கு எப்போதும் வாந்தி வரும், அன்றும் வந்தது. யாருடைய பாவத்துக்கோ நான் வாந்தி எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குச் சாமியே வந்த மாதிரி கண்ணுசாமி ஓடிவந்து வரவேற்றார். பக்கத்து வீட்டில் யாருக்கோ மணிக்கட்டு பிசகியிருக்கிறதாம், அதற்குள் ஆள் போய்ச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் பார்த்த பார்வையில் அந்த மணிக்கட்டு தானாகத் திரும்பிப் போய்விட்டது.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் வளர்மதி கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப்பார்த்தாள்.

"சார் வரலியா?"

"வரல" என்றேன். அதற்குமேல் அவருக்காகப் பொய் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

"வேல இருக்கும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் நீட்டிய கட்டையை வாங்கவில்லை. "உங்கள யாருக்கா கைய வெக்கச் சொன்னது?"

கண்ணுசாமி, "ஏய் பாப்பா" என்று அதட்டினார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

"வலி எனக்குத்தான வலிச்சுது? பொறுத்துக்கினு தான இருந்தேன்? ஒரே ஒரு நாளு. ஆடிட்டு வந்து கட்டு போட்டுக்கினு இருப்பேன். நீங்க ஒரு வாட்டி வழிச்சு வுட்டிருந்தா சார் என்னக் கூட்டிக்கினு போயிருப்பாரு."

"எலும்பு கோணலா ஒட்டிக்கினு இருக்கும். காலம் பூரா நொண்டியிருப்ப."

"நொண்டிக்கினு மொளகு பறிக்க முடியாதா? இப்ப காலு நல்லா ஆயி இன்னா பண்ணப் போறேன்? அதே மொளகு தான் பறிக்கப் போறேன்."

நான் செய்தது சரி. ஆயிரம் முறை கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் நான் காப்பாற்றிய கால் எங்கே நடந்து போகப் போகிறது என்று அவள் கேட்ட கேள்விக்கு என் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. லாரன்ஸ்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் எனக்கே சுமையாகிவிட்டது. அவளுக்கு அவர்மேல் கோபமே இல்லை. மலையிலிருந்து அவளை இறங்கச் சொன்ன ஒரே ஆள் அந்த மனுஷன்தான் என்பதை நான் என்ன சொல்லி அழிக்க முடியும்?

கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த பஞ்சை இழுத்துக்கொண்டே, "என் எடத்துல யாரு போறா?" என்று கேட்டாள்.

"கலையரசி."

அந்த இரண்டு பெண்களுக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும். யார் முதலில் பாடிப் போவது என்று எப்போதும் சண்டை. வளர்மதி பஞ்சை முழுக்கப் பிய்த்து உருட்டிக் கீழே போட்டாள். ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணுசாமி அடுப்புப் பக்கம் டீ வைக்கப் போனார்.

"அவளுக்கும் வலிக்குதுக்கா" என்றாள் கடைசியில். "எடது காலு. எனக்கு ஸ்ப்ரே அடிச்சுட்டு அவளுக்கு அடிப்பாரு. வீங்கிக்கினா சாக்ஸ ரெண்டா போட்டுக்குவா. வெளிய சொன்னா டீம்ல இருந்து தூக்கிடுவாருன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம்."

என் கண்முன்னால் அந்த ஃப்ளெக்ஸ் வந்தது. இவளுடைய உடம்பு, அவளுடைய தலை. ஸ்ப்ரே டப்பா மட்டும் பையில் தயாராக இருக்கும். லாரன்ஸ் இந்நேரம் வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருப்பார். போன் செய்து சொன்னால், "வழியில ஜெல்லு போட்டுக்கலாம்" என்பார். அதுவும் என் அலமாரி ஜெல்தான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பஸ் எப்போண்ணா?"

"இப்பத் தான ஒண்ணு போச்சு. அடுத்தது வர லேட்டாவும். டீ குடிச்சுட்டு மெதுவா போலாம்மா" என்றார் கண்ணுசாமி உள்ளேயிருந்து.

"டீயெல்லாம் வேணாம்பா" என்றாள் வளர்மதி. "வண்டிய எடு. அக்காவ நேரா கருணாபுரத்துல கொண்டு போயி வுடு. பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தா ஆவாது. விடியக்காலைல வேன் கெளம்பிடும்."

கண்ணுசாமி ஒன்றும் புரியாமல் வண்டிச் சாவியைத் தேடினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமல், எட்டிக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்னு அவ கிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றாள். "பொறாமைல சொல்றேன்னு நெனச்சுக்கினு ஆடப் போயிடுவா."